மேளக்காரர் காதுக்கும் கவசம் வேண்டும்!



கிரைண்டிங் வேலைக்குக் கண்ணாடி போடு, இரைச்சல் அதிகமென்றால் காதடைப்பான் வை என்று ஒர்க் ஷாப்பில் நமக்கு முதல் வருடமே சொல்லித் தருகிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்ட அட்டவணையிலும் இரைச்சலால் வரும் செவிக்குறைவு ஒரு தொழில் நோயாக இடம்பெற்றது. ஆனால் பம்பை அடிக்கிறவருக்கு இதை யார் சொல்லித் தந்தார்கள்?

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பம்பைக் கலைஞர். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் சுற்றுவட்டாரத்தில் சித்திரையும் ஆடியும் வந்தால் அவருக்கு ராத்தூக்கம் கிடையாது. இடுப்பில் பம்பை, பக்கத்தில் உடுக்கை, சிலம்பு, தலைக்கு நேரே ஸ்பீக்கர் பெட்டி. அந்த வருமானம்தான் என் பீஸ். இப்போது அம்மா "காசு" என்றால் "காதா?" என்கிறார். வீட்டில் சிரிக்கிறோம். ஆனால் மேளம் பேச வருகிறவர்கள் சொல்லும் தொகை சரியாகக் காதில் விழாததால், தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அட்வான்ஸ் வாங்குகிறார். இதற்கு எப்படிச் சிரிப்பது?

கள்ளக்குறிச்சியில் ஒரு காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, "போனது திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்துங்க" என்றார். நம் உள்காதில் நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. பேரிங் தேய்ந்தால் மாற்றலாம். இதற்கு ஸ்பேர் கிடையாது. கீச்சென்ற மேல் அதிர்வெண்களைக் கேட்கும் செல்கள்தான் முதலில் சாகும். அதனால்தான் குரல் கேட்கும், சொல் புரியாது.

கணக்கும் எளிதுதான். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான்! கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். பம்பைக்கு முன்னால் கத்தினாலும் கேட்காதே!

இது ஏழை மேளக்காரர் பிரச்சினை மட்டுமல்ல. லண்டன் ராயல் ஆப்பரா ஹவுசில் 2012-இல் ஒத்திகையின்போது, பித்தளைக் குழல் வாத்தியங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா கலைஞர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடரின் செவி பழுதானது. அவர் தொடுத்த வழக்கில் 2018-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

"காதை அடைச்சுக்கிட்டா தாளம் எப்படிடா கேக்கும்?" என்றார் அப்பா. அடைப்பான் சத்தத்தைக் குறைக்கும்; நிறுத்தாது. அடியின் அதிர்வு உடம்பு வழியாகவும் வருமே! இரும்புக் கதவை மூடினாலும் உள்ளே மெஷின் ஓடுவது நமக்குத் தெரிகிறதல்லவா?

பஞ்சு வைத்தால் போதாது. நுரை அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இடையிடையே சத்தமில்லாத இடத்தில் காதுக்கு ஓய்வு வேண்டும். அடித்து முடித்தபின் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அதுவே எச்சரிக்கை மணி.

தம்பிக்கு வயது பதினான்கு. இந்த ஆடியில் அவனும் பம்பை கட்டினான், காதில் அடைப்பானோடு. முதலில் கேலி செய்த ஜமா ஆட்களில் இரண்டு பேர் மறுநாள் வந்து, "எங்களுக்கும் வாங்கிட்டு வாப்பா" என்றார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் தவில், பறை, பேண்டு வாசிப்பவர்கள் இருப்பார்கள். ஒர்க் ஷாப்பில் கற்றதை அவர்களுக்குச் சொல்லுங்கள். தோல் கிழிந்தால் புதுத்தோல் கட்டலாம். செவி போனால் எதைக் கட்டுவது?