அன்னாசிப் பின்னல்

குரோஷே ஊசி என்பது முனையில் சின்னக் கொக்கி வைத்த ஒரு குச்சி, அவ்வளவுதான். ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு இரண்டு நீள ஊசி வேண்டும். ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். குரோஷேயில் ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம். ஊசியில் மிஞ்சுவது ஒரே வளையம். எந்த இடத்திலும் வைத்துவிட்டுப் படிக்கப் போகலாம். இதைச் சொல்லித்தான் உம்மாவிடம் அனுமதி கேட்டேன். உயர்தரப் பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது. உம்மா "ஏலாது" என்றார்.

ராத்தா மணமுடித்துப் போயிருப்பது பண்டாரவளைக்கு. அங்கே விடியற்காலைக் குளிருக்குக் கம்பளிச் சால்வை போட்டால் தோள் வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். உம்மும்மா உடனே, "நான் சொல்லித் தாரன், இவள் பின்னட்டும்" என்றார். உம்மும்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதிலும் படலம் வளர்கிறது. அவருக்குத் தெரிந்த அன்னாசி மாதிரி எந்தக் கொப்பியிலும் இல்லை, விரலில்தான் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் என்று வாப்பா தீர்ப்புச் சொன்னார். உம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

நூல் 20ஆம் இலக்கப் பருத்தி. இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். அதற்கு 1.25 மில்லிமீற்றர் ஊசி போதும், உம்மும்மா 2.5 எடுக்கச் சொன்னார். மெல்லிய நூலைப் பெரிய ஊசியால் பின்னினால் கண்ணிகள் தளர்ந்து திறக்கும். சால்வையில் பாதி வெறும் காற்றுதான். பாரம் இல்லாததும் அதனால், குளிரை மறிப்பதும் அதே காற்றுதான்.

கழுத்து நடுவில் ஐந்து சங்கிலிக் கண்ணியை வளையமாக்கித் தொடங்கி, வரிசைக்கு வரிசை பெருக்கிக்கொண்டு போனால் முக்கோணம் வரும். முதல் வரிசைக்கு இரண்டு நிமிடம். கடைசி வரிசைகளுக்கு மூன்று இரவு. பாதி உயரம் வந்தபோது கணித மூளை குறுக்கே வந்தது: முக்கோணத்தின் பாதி உயரத்தில் பரப்பளவு கால்பங்குதான்! உம்மும்மாவிடம் சொன்னேன். "கணக்குப் பாக்காத மகள், பின்னு" என்றார்.

அன்னாசி என்பது அடியில் ஒரு விசிறி. அதன்மேல் சங்கிலி வளைவுகள், வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து உச்சியில் ஒன்றில் முடியும். யூடியூபில் ஒருத்தி 'டபிள்' என்ற கண்ணியை உம்மும்மா 'ட்ரெபிள்' என்றார். இரண்டும் ஒன்றுதான், முன்னது அமெரிக்கப் பெயர், பின்னது இங்கிலாந்துப் பெயர். உம்மும்மா பார்க்காமலே விரலால் தடவி, எங்கே எத்தனை என்று சொல்வார். நான் கட்டம் போட்ட கொப்பியில் குறித்துக்கொண்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. கொப்பியைப் பார்த்தால் கை படிக்காதாம்.

உம்மாவின் கோபம் பரீட்சைக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மழை இரவு அவரே சொன்னார். மூத்தவாப்பா வஃபாத்தான பிறகு உம்மும்மா மேசை விரிப்புப் பின்னித்தான் நாலு பிள்ளைகளைப் படிப்பித்தார். அவற்றைக் கடதாசியில் சுற்றி வீடு வீடாகக் கொண்டுபோனது உம்மா. வயது பன்னிரண்டு. வாசலில் நிற்கவைத்து, விரித்துப் பார்த்து, விலையைக் குறைப்பார்களாம். ஒரு வீட்டில் வகுப்புத் தோழி கதவைத் திறந்தாளாம்.

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பெண்கள் குரோஷே லேஸ் பின்னி விற்றுத்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். நல்ல கதை என்று வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். அந்த லேஸை வாசல் வாசலாகக் கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றி யோசித்ததில்லை.

அதன்பிறகு நான் உம்மாவுக்கு முன்னால் பின்னவில்லை. உம்மும்மாவின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

ஏழாவது கிழமை முடிந்தது. பின்னி முடித்த லேஸ் முதலில் கசங்கிய சிலந்தி வலை மாதிரித்தான் இருக்கும். இளஞ்சூட்டு நீரில் நனைத்து, துவாயில் ஒற்றி, பாயில் இழுத்து விரித்து, ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத ஊசி குத்திக் காயவைக்க வேண்டும். அப்போதுதான் கண்கள் திறந்து அன்னாசி அன்னாசியாகும். மேசை விரிப்புக்குப் போடும் கஞ்சி சால்வைக்குக் கூடாது, விறைத்துவிடும்.

உம்மும்மாவுக்குக் குனிய ஏலாது. நான் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை சுருங்கியது. வாசலில் நின்ற உம்மா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். குண்டூசிப் பெட்டியை வாங்கி, ஒருவரும் சொல்லாமலே நடுமுனையை முதலில் குத்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனார்.

"இந்தப் பக்கம் அரை இஞ்சி கூட" என்றார். "கொஞ்சம் விடு."