ஒரு தட்டு குறைகிறது

சென்ற ஆவணியில் விருதுநகரில் ஒரு திருமண வரவேற்பு. மேடையோரத்தில் ஓர் இளைஞர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். அருகே இன்னொருவர் கீ-போர்டில் ஒரு தாளத்தை ஓடவிட்டுவிட்டு, அதன்மேல் தொட்டும் தொடாமலும் விரல்களை வைத்துக்கொண்டிருந்தார். இளையராஜா பாடல் இரண்டு, ரஹ்மான் பாடல் ஒன்று. யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று வாசிப்பவர்களும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்து எண்ணெய்ப் புரோட்டாவைச் சால்னாவில் தோய்த்துக்கொண்டிருந்த தாய்மாமன் திடீரென்று கையை நிறுத்தினார். இடது கையால் மேசையில் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"மருமகனே, இது அந்த அஞ்சு தட்டுப் பாட்டுதான? ஒரு தட்டக் காணமே."

அதன் பிறகே நான் காதுகொடுத்தேன். ‘டேக் ஃபைவ்’! பால் டெஸ்மண்ட் எழுதி, டேவ் பிரூபெக்கின் நால்வர் குழு 1959-இல் ‘டைம் அவுட்’ இசைத்தட்டில் வாசித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தக் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றி வந்திருந்தது. இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது தட்டுத் தாளம் அதே இசைத்தட்டின் வேறொரு பாடலுக்கு வித்தாயிற்று. ‘டேக் ஃபைவ்’ ஐந்து தட்டு. மூன்றும் இரண்டுமாகப் பிரியும். நம் கண்டசாபு ‘தக தகிட’ என்றால் இது ‘தகிட தக’. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்வதற்குள் அதை யாரோ நான்கு தட்டாக்கியிருந்தார்கள்.

காரணம் எளிது. ஐந்து தட்டு கொஞ்சம் நொண்டும். நொண்டுகிறதே என்று மனம் திரும்பிப் பார்க்கும். சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தொந்தரவு வேண்டாம். ஆகவே எந்த இடம் நம்மைக் கேட்கவைக்குமோ அந்த இடத்தைப் பார்த்துக் கத்தரித்துவிட்டார்கள். பெரிய ஓட்டல்களின் முகப்பறையிலும் மின்தூக்கியிலும் ஜாஸுக்கு நடப்பது இதுதான். மெட்டு இருக்கும், அதன் எலும்பை உருவியிருப்பார்கள்.

நான் கவனிக்காததை மாமா கவனித்ததுதான் எனக்கு உறைத்தது. ஏனென்றால் அவருக்குக் காது பாதிதான் கேட்கும்.

மாமா சிவகாசிப் பக்கம் ஒரு பயராபீசில் வேலை பார்த்தவர். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் பாண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கப் போய்விடுவார். தீப்பெட்டி ஆபீசிலும் அச்சகத்திலும் நாள் முழுக்க ரேடியோ பாடும். பயராபீசின் மருந்து அறைக்குள் மின்சாரமே கிடையாது; சூரிய வெளிச்சம்தான். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, செருப்பு கூடாது, எதையும் உரசக் கூடாது. அந்த அமைதியில் மனத்துக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருப்பேன் என்பார்.

1991-இல் இரண்டு அறை தள்ளி மருந்து பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தார்கள். மாமா மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் உயிர் தப்பினார். கனத்த ஒலிகள் அதன் பிறகும் அவருக்குக் கேட்டன. உச்சத்தில் இருப்பவை போய்விட்டன. குருவிச் சத்தம் போயிற்று, பேரப்பிள்ளைகளின் மழலை போயிற்று, கிளாரினெட்டின் மேல் ஸ்வரங்கள் போயின. தான் தப்பாக வாசிப்பதை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியிருப்பதை அவரால் தாங்கமுடியவில்லை. கருவியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். அதைப்பற்றி யாரும் பேசக்கூடாது என்பது வீட்டின் எழுதாத சட்டம்.

1994-இல் ‘டூயட்’ வந்தது. திரையில் பிரபு சாக்ஸபோனை ஊத, உண்மையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். படம் முடிந்து வெளியே வந்ததும் மாமா சொன்ன ஒரே வாக்கியம்: "இது கேக்குது மருமகனே." நாதஸ்வரத்தைவிடத் தாழ்ந்த குரல் அந்தக் கருவிக்கு. கோபால்நாத்தின் தந்தை நாதஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கமகம் பேசும்படி அதன் சாவிகளைத் திருத்தி, பல ஆண்டுப் பாடுபட்டுக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1980-இல் பம்பாயில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞருடன் வாசித்தார். 2008-இல் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் ‘கின்ஸ்மென்’ வந்தது. 2019-இல் மறைந்தார். பாண்டு செட்டிலிருந்து அப்படி ஒருவர் கிளம்பினார் என்பதில் மாமாவுக்குத் தனிப் பெருமை. அவரும் பாண்டு செட்டுக்காரர் அல்லவா!

அதிலிருந்துதான் நான் அவருக்கு ஒலிநாடாக்களும் பிறகு குறுந்தகடுகளும் கொண்டுபோகத் தொடங்கினேன். ‘டேக் ஃபைவ்’ அப்படித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

பின்னணி இசை என்றாலே மட்டம் என்கிறேன் என்று நினைக்கவேண்டாம். இளையராஜா 1986-இல் தனி இசைத்தட்டாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’, பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாயிற்று. படத்துக்கென்று எழுதாத இசை, சொந்த வீட்டுக்காக அல்லாடும் ஒரு பெண்ணின் பின்னால் வந்து நிற்கிறது. ஆனாலும் பின்னுக்குப் போகவில்லை. அதை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். வி. எஸ். நரசிம்மனின் வயலின் அவருக்கு எட்டவில்லை. "மேல என்ன நடக்குன்னு தெரியல. கீழ ஒருத்தன் நடந்து போறான், அவன் நல்லாப் போறான்" என்றார்.

கீழே நடப்பவனுக்காகவே பிறகு ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். லண்டனில் பிறந்து, சிறுவயதின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்த மாயா அருள்பிரகாசம் ‘கலாங்’ என்று ஒரு பாடல் பாடியிருக்கிறார். இயந்திரத் தாளமும் கத்தலும் கலந்த பாட்டு. ஜாஸாகும் என்று யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த தமிழரான விஜய் ஐயர் 2009-இல் ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றைமட்டும் வைத்துக்கொண்டு அதை வாசித்தார். இயந்திரம் போட்டதைக் கையால் போடுகிறார்கள். கரடுமுரடு எதையும் மழிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக் கேட்ட மாமா, "சரவெடியில ஒண்ணு ரெண்டு வெடிக்காமப் போகும்ல, அந்த மாதிரி விட்டுவிட்டு அடிக்கான்" என்றார். நான் படித்த எந்த விமரிசனத்திலும் இவ்வளவு சரியான வரி இல்லை. (2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தபின் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சற்றுத் தயங்கியே சொல்கிறார்கள்.)

வரவேற்புக்குத் திரும்புகிறேன். மாமா கையைக் கழுவிவிட்டு நேரே மேடைக்குப் போனார். பயந்துபோய் நானும் பின்னால் போனேன்.

"தம்பி, அதுல அஞ்சு தட்டு உண்டுல்லா?"

அந்த இளைஞர் முகத்தில் முதலில் அச்சம், பிறகு வேறொன்று. "உண்டு அண்ணாச்சி. அஞ்சுல போட்டா சாப்பிடுறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு மாத்திச் சொல்லிட்டாங்க."

"பெட்டிய நிப்பாட்டச் சொல்லு. நான் போடுதேன்."

கீ-போர்டுக்காரர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். மாமா ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, மறு கையால் தொடையில் தாளம் போட்டார். தகிட தக, தகிட தக. இளைஞர் இரண்டு சுற்று வாசித்தார். மூன்றாவதில் மெட்டை விட்டு வெளியே போய், உச்சத்தில் ஏறி, சுற்றிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் சில தலைகள் திரும்பின. பெண்வீட்டுச் சித்தப்பா ஒருவர் வேகமாக வந்து, "சினிமாப் பாட்டா போடுங்கப்பா" என்றார். தாளப்பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

நாங்கள் திரும்பியபோது இலையை எடுத்துவிட்டு அடுத்த பந்தி உட்கார்ந்திருந்தது. வெளியே வந்து வெற்றிலையை மடித்தபடி மாமா என் காதருகே குனிந்தார்.

"கடைசியில மேல போனான்ல, அங்க சரியா வாசிச்சானா?"