அம்பாசிடர் இன்ஜின்: கோர்த்த பின் ஓட்டிப் பார்த்தல்

அம்பாசிடர் காரின் பெட்ரோல் இன்ஜினை வீட்டு முற்றத்திலேயே பிரித்துக் கோர்த்துவிடலாம். கோர்த்தது சரியாக அமைந்ததா என்பது சாலையில்தான் தெரியும். பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியிலிருந்து அரும்பாவூர், கிருஷ்ணாபுரம் வழியாகப் பெரம்பலூர் செல்லும் பாதை இதற்கு ஏற்றது. ஊர்களுக்குள் அடிக்கடி வேகம் குறைக்க நேரும். வெளியே வந்தால் வண்டியைச் சீராக ஓடவிடலாம்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்த இக்காரின் பழைய மாதிரிகளில் இருப்பது 1,489 சி.சி., நான்கு சிலிண்டர் இன்ஜின். சிலிண்டர் விட்டம் 73 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ. அதனால் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கிடைக்கும்; விரட்டி ஓட்டினால் தாங்காது.

இன்ஜினைச் சீர்செய்யும் வேலை இருவர் கையில் உள்ளது. பிரிப்பதும் கோர்ப்பதும் மெக்கானிக்கின் பொறுப்பு. தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்வதும் கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்வதும் நகரத்து லேத் பட்டறையின் பொறுப்பு. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு என்று எவ்வளவு கடைகிறார்களோ அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அந்த எல்லையும் கடந்துவிட்டால் லைனர் இறக்குவதே வழி.

முதல் ஸ்டார்ட்டில் இன்ஜினை ஐடிலிங்கில் விடுவதில்லை. கேம் ஷாஃப்ட் புதிதாக இருந்தால் இருபது நிமிடம் வரை 1,500–2,000 சுழற்சியில் வைப்பார்கள். அப்போதுதான் கேமுக்கும் டேப்பட்டுக்கும் ஆயில் போதுமான அளவு தெறிக்கும். ஆயில் ஒழுகல், தண்ணீர் ஒழுகல் பார்த்து, ஆறியதும் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கி, டேப்பட் இடைவெளியை 0.38 மி.மீ.க்குச் சரிசெய்த பிறகே வண்டி தெருவுக்கு இறங்கும்.

சாலையில் முதல் வேலை ரிங் படிய வைப்பது. டாப் கியரில் 30 கி.மீ. வேகத்திலிருந்து 50 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்துத் தானாக வேகம் குறையவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மிதிக்கும்போது எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துகிறது. காலை எடுக்கும்போது மேலே இழுபடும் ஆயில் சுவரைக் குளிர்விக்கிறது. பயந்து மெதுவாகவே ஓட்டினால் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கிவிடும்.

குறையைப் புகையே காட்டிக்கொடுக்கும். மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம்; காலை எடுத்து மறுபடி மிதிக்கையில் வந்தால் வால்வு கைடு. கறுப்புப் புகை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். சத்தத்திலும் வேறுபாடு உண்டு. டேப்பட் மெலிதாகத் தட்டும். கிராங்க் பேரிங் மேடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக இடிக்கும். இடிச் சத்தம் கேட்டாலும், ஓட்டத்தில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலும் அங்கேயே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

பெரம்பலூர் வெயிலில் இன்னொரு தொல்லை, பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் ஆவி அடைத்து வண்டி நின்றுபோவது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிச் சூடு தணிந்ததும் வண்டி கிளம்பும். காலைக் குளிரில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. உச்சி வெயிலிலும் ஒருமுறை ஓட்டியாக வேண்டும்.

வீடு திரும்பியதும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளிர் பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி. முதல் 800 கி.மீ. வரை 60 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட்டையும் டேப்பட்டையும் மறுபடி சரிபார்த்தால் வேலை முடிந்தது.

ஐம்பது ஆண்டு கடந்த காருக்கு 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட விண்டேஜ் பதிவெண் பெறலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிய மாற்றம் காணாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே வேறு இன்ஜினைத் தூக்கிவைப்பதைவிட, பழைய இன்ஜினையே சீர்செய்து ஓட்டுவது நல்லது.