மாடித் தோட்டத்தின் வரவு செலவு

மாடியில் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சமாகும் என்று சொல்லித்தான் பலரையும் இழுத்துவிடுகிறார்கள். முதல் வருடம் அப்படி எதுவும் மிச்சமாகாது. பை, தென்னை நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, பந்தலுக்குக் கம்பும் கயிறும், கோடைக்குப் பச்சை நிழல்வலை என்று போட்ட முதலைத் தக்காளி திருப்பித் தராது.

2023 ஜூலையில் தக்காளி விலை எகிறி, ரேஷன் கடைகளிலேயே அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது மாடியில் தக்காளி வைத்திருந்தவர்களுக்கும் பெரிய லாபம் இல்லை. சென்னை வெக்கையில் பூ பிடிக்காமல் உதிரும். தை, மாசியில் நம் செடி காய்த்துக் குலுங்கும்போது சந்தையிலும் தக்காளி மலிந்து கிடக்கும். விலையை நினைத்துத் தக்காளி போடுவதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

கீரைக் கணக்கு வேறு. கைப்பிடி விதை தூவினால் முளைக்கீரை 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல், அடியில் கொஞ்சம் விட்டுக் கிள்ளினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். வெண்டையும் அப்படித்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், தவறினால் நாராகிவிடும். பறித்த அரை மணியில் வதக்கிய வெண்டைக்காயின் ருசி எந்தக் கடையிலும் கிடைக்காது.

யாரும் எழுதி வைக்காத செலவு ஒன்று உண்டு. சித்திரையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஊரில் கல்யாணம், திருவிழா என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப முடியும். இலையைத் திருப்பிப் பார்க்காவிட்டால் மாவுப்பூச்சி ஏறிவிடும். தண்டில் எறும்பு ஊர்ந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிப்பேன்.

பீர்க்கம்பூ விரிவதும் அந்த நேரத்தில்தான். மஞ்சள் பூவுக்குக் கீழே விரல்கடைப் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண்பூ. வெறும் காம்பு என்றால் ஆண்பூ. மூன்றாம் மாடிக்கு வண்டு வருமா வராதா என்று காத்திருப்பதில்லை. ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுவேன். சூல் பிடித்தால் பிஞ்சு சில நாளிலேயே நீள ஆரம்பிக்கும். பிடிக்காவிட்டால் வெம்பி உதிரும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இதைப் பார்க்கவே மாடியேறி வருவார்கள். அந்த மாலைகளுக்கு நான் விலை போட்டதில்லை.

பணக்கணக்கு நம் பக்கம் திரும்புவது இரண்டாம் வருடத்தில். மண் தயாராக இருக்கிறது, உரம் மட்டும் சேர்த்தால் போதும். நாட்டு ரகம் என்றால் விதையும் வாங்க வேண்டாம். கலப்பின விதையாக இருந்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. அதனால் நாட்டுப் பீர்க்கில் நல்ல காயாக ஒன்றைப் பார்த்துக் கயிறு கட்டி, கொடியிலேயே காய விடுவேன். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு எனக்கு வேண்டியது போக, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க அந்த ஒரு காயே போதும். கூட்டுக்குக் காய் குறைகிறது என்று வீட்டில் யார் கேட்டாலும் அதை மட்டும் பறிக்க விடமாட்டேன்.