எதிரொலிக்கு எவ்வளவு இடம்

டப் டெக்னோ செய்யத் தெரிந்தால் டப்ஸ்டெப்பும் தானாக வந்துவிடும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டிலும் பேஸ் உண்டு, எதிரொலி உண்டு, பாட்டு வரிகள் குறைவு. நிமிடத்துக்கு 125 அடி என்று ஓடுவதை 140-க்கு ஏற்றி, சீராக விழும் தாளத்தைக் கொஞ்சம் உடைத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் செய்த முதல் ஐந்தாறு பாட்டுகளும் சேறாகக் குழம்பிப் போயின. ஒவ்வொரு ஒலியும் தனியே கேட்டால் நன்றாக இருக்கும். சேர்த்துக் கேட்டால் மூச்சு முட்டும். ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

அந்த ஒரே வீடு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருந்தது. கிங் டப்பி என்று உலகம் அழைக்கும் ஆஸ்போர்ன் ரடக் அடிப்படையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக். ஆம்ப்ளிஃபயர் கட்டுவார், பழுது பார்ப்பார். 1970-களின் தொடக்கத்தில், வேறொருவர் பதிவு செய்து முடித்த ரெகே பாட்டின் நாடாவை மிக்ஸரில் ஓட்டி, பாடகரின் குரலைத் தூக்கினார், கிடாரைத் தூக்கினார், டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டுவைத்தார். எடுத்ததில் ஒரு துணுக்கை நொடி நேரம் திறந்து, எதிரொலிக்குள் தள்ளி, மறுபடி மூடினார். புதிதாக ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. கேட்டவர்களுக்கு அது புதிய பாட்டாக இருந்தது. எங்கள் தொழிலின் அரிச்சுவடி இந்தக் கழித்தல்தான். சேர்ப்பதற்கு இன்று ஆயிரம் கருவிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று சொல்லித்தர ஒரு கருவியும் இல்லை.

பெர்லினில் மார்க் எர்னஸ்டஸ் 1989-இல் ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். அவரும் மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும் 1993-இல் பேசிக் சேனல் என்ற பெயரில் தட்டுகளை வெளியிடத் தொடங்கினார்கள். டிட்ராய்ட் டெக்னோவின் நாலு சம அடியை வைத்துக்கொண்டு, அதன்மேல் ஜமைக்காவின் எதிரொலியைக் கவிழ்த்தார்கள். டப் டெக்னோ என்று இன்று சொல்வது ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டு பேர் போட்ட பாதைதான்.

அந்தப் பாதையின் உயிர் ஒரே ஒரு கார்டு. அதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். ஒரு மைனர் கார்டை எடுத்துக்கொள்கிறேன், என் கைக்கு எஃப் மைனர். சின்தசைஸரில் ரம்பப் பல் அலை. ஃபில்டர் கிட்டத்தட்ட மூடியிருக்கும்; விரல் பட்டதும் கண்ணிமைப்பது போல ஒரு முறை திறந்து மூடும். அது அப்படியே டிலேவுக்குள் போகிறது, டிலேயிலிருந்து ரிவெர்புக்குள் போகிறது. திரும்பி வருவதில் ஒரு பங்கை மறுபடி டிலேவுக்கே ஊட்டுகிறேன். அந்தக் குமிழில்தான் கை இருக்க வேண்டும். ஒரு மயிரிழை கூட்டினால் எதிரொலி தன்னைத்தானே தின்று பெருத்து ஊளையிடும். ஒரு மயிரிழை குறைத்தால் செத்துப்போகும். நடுவில் ஓரிடத்தில் அது அணையாமலும் பெருகாமலும் நிற்கும். கர்நாடக இசை கேட்பவர்கள் கார்வை என்று சொல்வார்களே, அடித்த பிறகும் அடிக்காமலே நீள்கிற அந்த நேரம், இந்த இசையின் முழு உடம்பும் அதுவாகவே இருக்கிறது.

டப்ஸ்டெப் பிறந்த இடம் தெற்கு லண்டனின் குரோய்டன். காய்கறிச் சந்தை நடக்கும் சர்ரே ஸ்ட்ரீட்டில் பிக் ஆப்பிள் என்றொரு இசைத்தட்டுக் கடை இருந்தது. ஹாட்சா அங்கே வேலை பார்த்தார். ஸ்கிரீமும் பெங்காவும் பள்ளிப் பருவத்திலேயே அங்கு வந்து போனவர்கள். கராஜ் இசையிலிருந்து பாட்டையும் மினுக்கையும் கழற்றிக் கழற்றி, கடைசியில் எஞ்சிய எலும்புக்கூட்டில் அவர்கள் பேஸை ஏற்றினார்கள். மாலா, கோக்கி, லோஃபா மூவரும் 2005-இல் பிரிக்ஸ்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் டிஎம்ஸெட் என்ற இரவுக் கூட்டத்தைத் தொடங்கினார்கள்.

அங்கே ஒரு முறை நின்றவருக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். கிக் விழுகிறது. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் பேஸ் மெல்ல எழுந்து வந்து முதலில் கால்சட்டைத் துணியை அசைக்கிறது, பிறகு விலா எலும்பை. அதற்கப்புறம்தான் ஸ்னேர். வேகம் 140 என்றாலும் உடம்பு அதைச் சவுக்க காலத்தில்தான் எடுத்துக்கொள்கிறது. ஆடுகிறவர்கள் துள்ளுவதில்லை, ஊன்றி நின்று அசைகிறார்கள்.

என் முதல் பாட்டுகள் ஏன் சேறாயின என்பதற்கு விடை அந்த இடைவெளியில் இருந்தது. டப் டெக்னோவில் கிக் நாலு அடியிலும் விழும். அதற்கு இடையிலுள்ள காலியை எதிரொலி நிரப்பும், நிரப்பவும் வேண்டும். டப்ஸ்டெப்பில் அதே காலி பேஸுக்குச் சொந்தம். இரண்டு பேருக்கும் ஒரே மனையைப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தேன்.

கணக்காகவே சொல்லலாம். 125 வேகத்தில் வழக்கமாக வைக்கும் எதிரொலி 360 மில்லி செகண்டுக்கு ஒரு முறை திரும்பும். அதை அப்படியே 140-க்குக் கொண்டுவந்தால் 321 ஆகும். ஆனால் 140-இல் கிக்கிலிருந்து ஸ்னேர் வரை இருப்பதே 857 மில்லி செகண்ட். அதற்குள் எதிரொலி இரண்டு முறை வந்து விழுந்துவிட்டால் பேஸ் எங்கே எழும்? பல மாதம் ரிவெர்பைக் குறைத்துப் பார்த்தேன், சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒரு நாள் எதிரொலியின் நேரத்தையே இரண்டு பங்காக்கி 643-இல் வைத்தேன். கார்டு ஒன்றில் விழுந்தால் முதல் எதிரொலி ஸ்னேருக்குச் சற்று முன்னால் வரும், இரண்டாவது ஸ்னேரைத் தாண்டி வரும், மூன்றாவது அடுத்த ஆவர்த்தத்தின் கிக்கைத் தொடாமல் தள்ளி விழும். நாலாவதுதான் ஸ்னேரின் தலையிலேயே விழுகிறது; அதற்குள் அது தேய்ந்து நிழலாகியிருக்கும். எட்டு எண்ணிக்கைக்குள் மூன்று மூன்றாக அடுக்குவது மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்குப் புதிதே இல்லை. இருந்தும் எனக்கு அது இத்தனை தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் கற்க வேண்டியிருந்தது, அது தட்டு வெட்டும் இடத்தில் நடந்தது. வெளியீட்டுக்கு முன் பாட்டை ஒற்றைப் பிரதியாக வெட்டி வாங்குவது இந்த இசையில் பழைய வழக்கம். அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் பூச்சு. சில பத்து முறை ஓட்டினால் தேய்ந்துவிடும். என் பாட்டில் பேஸ் அகலமாக, அழகாக ஒலிக்கட்டும் என்று அதை இடம் வலமாக விரித்து வைத்திருந்தேன். வெட்டுகிறவர் பத்து நொடி கேட்டார். ஒன்றும் சொல்லாமல் மோனோ பொத்தானை அமுக்கினார். பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. இடமும் வலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இப்படியே வெட்டினால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும் என்றார், வீட்டுக்குப் போய்த் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். தப்பு முழுக்க என்னுடையது. 44 ஹெர்ட்ஸ் பேஸின் ஓர் அலை ஏறக்குறைய 8 மீட்டர் நீளம். என் அறையைவிட அது பெரிது. அதற்கு இடம் வலம் என்று எதுவும் கிடையாது, அது நடுவில் ஒற்றையாக நிற்க வேண்டும். விரிவது எதிரொலியின் வேலை. அன்றிலிருந்து எதிரொலி திரும்பி வரும் வழியில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டுத்தான் அதை உள்ளே விடுகிறேன்.

இந்த எல்லைத் தகராறைச் சரியாகத் தீர்த்தவர்கள் உண்டு. ஹேக் நகரத்து டேவ் ஹாய்ஸ்மன்ஸ் 2562 என்ற பெயரில் 2008-இல் கொண்டுவந்த 'ஏரியல்' தொகுப்பை முதலிடத்தில் வைப்பேன். அதை வெளியிட்டது பிரிஸ்டலில் பின்ச் நடத்திய டெக்டானிக். பெர்லினின் கார்டும் லண்டனின் எடையும் அதில் ஒன்றையொன்று மிதிக்காமல் நடக்கின்றன. ஷேக்கில்டனின் 'பிளட் ஆன் மை ஹேண்ட்ஸ்' பாட்டை 2007-இல் ரிக்கார்டோ வில்லலோபோஸ் மறு ஆக்கம் செய்தது வேறொரு வழியைத் திறந்தது. ஸ்கூபா பெர்லினுக்கே குடிபெயர்ந்து, 2008-இல் பெர்க்ஹைனில் சப்ஸ்டன்ஸ் என்ற இரவைத் தொடங்கினார். நாலு சம அடிக்குப் பழகிய அந்த அரங்கில் உடைந்த தாளமும் ஒலித்தது. பிறகு டப்ஸ்டெப் என்றாலே ரம்பம் அறுப்பது போன்ற நடு ஒலி என்று உலகம் நினைக்கத் தொடங்கியது. அந்த ரம்பம் கழித்த இடத்தையெல்லாம் திரும்பவும் நிரப்பிவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பு.

போன மாதம் ஒரு பாட்டை முடித்தேன். முதல் வடிவத்தில் கார்டு ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் விழுந்தது. இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றை எடுக்கும்போதெல்லாம் அதற்கு முன்னால் அடித்த கார்டின் எதிரொலி இன்னும் கொஞ்ச தூரம் நடந்தது, அதன் அடியில் பேஸ் நிமிர்ந்தது. ஆறு நிமிடப் பாட்டு. அதில் இப்போது கார்டை நான் 11 முறைதான் அடிக்கிறேன்.