நீதிமன்ற எழுத்தர் தந்த நகைச்சுவை

எழுத்தர் உத்தியோகத்தில் அமர்ந்தவனுக்கு இலக்கியம் கைகூடாது என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மத்திய அரசு அலுவலகமொன்றில் கோப்பும் குறிப்புமாக இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு அச்சொல் உறுத்தும்போதெல்லாம் ஆறுதலாக நினைவில் எழும் பெயர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த அவர், நீதிமன்ற ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் பதவிக்கு உயர்ந்தவர். கிறித்தவர்; ஆயினும் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர்தம் நெருங்கிய நண்பர்கள். மகாவித்துவான் அவர்மீது ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தில் அவர் பசித்தோர்க்குச் சோறிட்டதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றினார்.

பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில், 1879-இல், அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லிப் பாடநூல்கள் நகர்ந்துவிடுகின்றன; வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் நூல் என்று சொல்வதில்லை. நமக்கு அது பெருங்குறையாகவே படுகிறது. செருப்புத் தைத்தவனைச் ‘சந்தோஷப்படுத்துவேன்’ என்று வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பிரதாபன் சிறை செல்கிறான். எவ்வளவு கொடுத்தாலும் சந்தோஷப்படாதவனை என்ன செய்வது? வாக்குமூலங்களை நாள்தோறும் கேட்ட முன்சீப்புக்கன்றி வேறு யாருக்கு இப்படியொரு வழக்குத் தோன்றும்!

அதே காலத்தில் அமெரிக்காவில் மார்க் ட்வைன் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய ‘டாம் சாயர்’ வெளிவந்தது 1876-இல். மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் செலுத்திய அவர் அக்கரையோர மக்களின் பேச்சிலிருந்து நகையை அள்ளினார். நம்மவர் அதை நீதிமன்ற வாசலில் கண்டெடுத்தார்.

வேதநாயகம் பிள்ளையின் நகையில் சூடும் உண்டு. தமிழ் நீதிபதியின் முன், தமிழ்க் கட்சிக்காரனுக்காக, தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை அவர் அந்நாவலிலேயே சாடுகிறார். அந்தப் பகுதியைப் படிக்கையில் மட்டும் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. காரணம், நாம் இடுக்கி மலையில் பணியாற்றிய நாட்கள்.

1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. தமிழ்ச் சிறுபான்மையோர் மாநில அரசுக்குத் தம் மொழியில் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. எழுத இடமுண்டு; வந்த காகிதத்தைப் படித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து சிலர் காகிதத்தோடு நம் வாசலுக்கு வருவர். ஒரு நாள் ஒரு மூதாட்டி, மடித்து மடித்துக் கிழிந்துபோன கடிதமொன்றை நீட்டினார்.

“ஐயா, இது நல்ல சேதியா, கெட்ட சேதியா? அத மட்டும் சொல்லுங்க.”

மறைந்த கணவருக்குச் சேரவேண்டிய தொகை பற்றி ஏதோ ஓர் அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அது. மறுமொழிக்குக் குறித்த கெடு கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நல்ல சேதி, கெட்டுப்போன சேதி என்று எப்படிச் சொல்வது? தாமதத்தைப் பொறுத்தருளுமாறு மனு எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பினோம். விடை வருமுன் நமக்கு மாற்றல் வந்துவிட்டது.

இப்போது பாலக்காட்டில் நம் மகள் மலையாளமும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்கிறாள். அதில் நமக்குப் பெருமையே. ஆனால், கோயமுத்தூரிலிருந்து அவள் பாட்டி எழுதும் நான்கு வரிகளையும் நாம்தான் படித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. கண்டித்துப் பார்த்தோம், பயனில்லை. சென்ற கோடை விடுமுறையில் பிரதாப முதலியாரை உரக்கப் படிக்கத் தொடங்கினோம். பிரதாபன் செய்யும் தவறுக்கு வேறொரு சிறுவன் அடிபடும் இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்புறம் என்னப்பா?” என்றாள். கண்ணயர்ச்சி என்று சொல்லிப் புத்தகத்தை அவளருகே வைத்துவிட்டு எழுந்தோம்.

மறுநாள் மாலை நாம் வீடு திரும்பியபோது, வரியின்கீழ் விரலை ஓட்டி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ‘உபாத்தியாயர்’ என்ற சொல்லில் விரல் நின்றிருந்தது.