கண்ணும் காலும்

நடப்பது காலின் வேலை என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கண், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு, பாதமும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு ஆகிய மூன்றும் கூடியே உடலை விழாமல் நிறுத்துகின்றன. உட்செவியின் இப்பணியை ஆராய்ந்த இராபர்ட் பாராணி என்னும் மருத்துவர்க்கு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பெற்றது. செய்தி எட்டியபோது அவர் இரசியாவில் போர்க்கைதியாக இருந்தார் என்பது தனிக்கதை.

சமநிலைக் கட்டைமேல் நடக்கும் மாணவனிடம், "காலைப் பார்க்காதே, எதிரே ஒரு புள்ளியைப் பார்" என்று சொல்லும்படி பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தனர். கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடியும் அதனை அறிவான். நிலைத்த பொருளில் பதிந்த கண் உடலுக்கு ஊன்றுகோல். ஓடும் வண்டியைக் கண் பின்தொடரும்போதோ, சுற்றுப்புறக் காட்சி முழுவதும் விழித்திரையில் எதிர்ப்புறமாக வழுக்கிச் செல்கிறது. நகர்வது காட்சியா, தன் உடலா என்று மூளை ஒரு கணம் மயங்குகிறது. இளையோரும் அப்போது சிறிது அசைகின்றனர்; ஆயினும் அவர்தம் பாதமும் செவியும் உடனே திருத்திவிடுகின்றன. முதியோர்க்கு அவ்விரண்டும் மங்கிவிடுவதால், கண்ணையே மிகுதியும் நம்பி நடக்கின்றனர்.

2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாப்மன், ஹாலண்ட்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு என் சிந்தையில் தைத்தது. இளையோர், கால் குறித்த இடத்தில் பதியும்வரை அவ்விடத்தையே பார்க்கின்றனர். விழும் வாய்ப்பு மிகுந்த முதியோரோ, கால் பதியுமுன்பே பார்வையை அடுத்த தடைக்கு மாற்றிவிடுகின்றனர்; அடி பிசகுகிறது.

எங்கள் கெலாங் பாத்தா கடைவீதியின் அஞ்சடியில் என் அன்னையார் நடப்பதும் இவ்வாறே. கடைக்குக் கடை தரை ஏறியும் இறங்கியும் கிடக்கும். எண்பதை நெருங்கும் அவர், ஒரு படியில் கால் வைக்குமுன்பே அடுத்த படியைத் தேடுவார். இடையில் மோட்டார் சைக்கிள் போனால் கண்ணும் அதனோடு போகும். அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி ஒருவர் இன்றும் படுக்கையை விட்டு எழவில்லை.

"காலை வைத்த பிறகு அடுத்ததைப் பாருங்களம்மா" என்றேன்.

"இருட்டிலே பால்மரம் சீவப் போனவளுக்கு நீ நடை சொல்லித் தருகிறாயாய்யா?" என்றார்.

நெற்றிவிளக்கின் சிறு வெளிச்சத்தில் மேட்டிலும் பள்ளத்திலும் வாளியோடு நடந்த கால்கள் அவை. அந்தப் பாதம் இன்று இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது படி வரும்போது பேச்சை நிறுத்திவிடுகிறேன்; பின்னாலிருந்து அழைப்பதுமில்லை.

கண்ணாடியையும் கவனித்தேன். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியே குனிந்து பார்த்தால் படி மங்கும். 63 முதல் 90 வயதுவரையிலான 156 பேரைச் சிட்னியில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர்; இத்தகைய கண்ணாடி அணிந்தோர் விழும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்றறிந்தனர். அம்மாவுக்கு நடைக்கென்று தனிக்கண்ணாடி வாங்கினேன். அதனைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்!

பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பாட்டிமாருக்காகப் பள்ளிப் படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசச் செய்தேன். அம்மா வரும்போதெல்லாம் அங்கே நின்று, "சாயம் காய்ந்துவிட்டதா?" என்று கேட்டபின்பே காலை வைக்கிறார்.